குறைச்சீட்டு

எனக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே, "உப்பு ஜாஸ்தியா பூடுச்சி, பச்ச மொளகா கம்மி" என்று அறிவித்துவிடுவார். அறிவித்த பிறகு அந்தப் புளிசாதத்தை ஒருவன் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது? சொல்லாமல் கொடுத்திருந்தால் நன்றாக இருக்கிறது என்றே சாப்பிட்டிருப்பேன். என் நாக்கு அவ்வளவு ஆராய்ச்சி செய்யக்கூடியது அல்ல. சொன்னதும் உப்பு தெரிய ஆரம்பித்துவிடும். நான் முகத்தைச் சுளிப்பேன். "நான்தான் சொன்னேனே" என்று அவர் திருப்தியோடு தன் பங்கைச் சாப்பிடுவார்.

இரண்டு வருடம் அந்த அம்மாளோடு ஒரே அறையில் வேலை பார்த்தேன். இந்தியா தன் கதவுகளைத் திறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். திறந்த கதவு வழியாகத் திருப்பதிக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் வெளிநாட்டில் ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய கம்ப்யூட்டர்கள். எங்கள் கம்பெனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே நாள் முழுக்க மொட்டைத் தலைகள் போய்க்கொண்டிருக்கும். எதிர்க்கடையில் சந்தனம் விற்றவருடைய தொழில் எங்கள் தொழிலைவிட ஸ்திரமானது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தக் கட்டுரையில் உள்ள தப்புகளை வரிசையாக எழுதி அனுப்புவார். அதில் முதல் தப்பாக, தன்னைப் பற்றி நல்லதாக எழுதியிருக்கும் இடங்களைக் குறிப்பிடுவார். அந்த பயத்தில்தான் பெயரை விட்டுவிட்டேன்.

ஊர் நகரி. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். இவர் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, தினமும் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து போனார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை, சார் என்பார். அதிலும் எனக்கு ஒரு எரிச்சல். தம்பி என்று கூப்பிட்டுவிட்டால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்று முன்யோசனையோடு தவிர்த்தாரோ என்னவோ.

அவர் வேலை, நான் எழுதும் நிரல்களைப் பலவகை இயந்திரங்களுக்கு ஏற்றபடி கட்டி அனுப்புவது. ஒரே நிரல்தான். ஆனால் ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கும் பிராசஸர் வேறு. ஒன்றுக்குத் தயாரித்ததை இன்னொன்று சீந்தாது. அதனால் சாதாரண பி.சி.க்கு ஒரு தொகுப்பு, கடல் கடந்து வந்த பழைய யூனிக்ஸ் பெட்டிக்கு ஒன்று, கொஞ்சம் பணக்காரத் தொழிற்சாலைகள் வைத்திருந்த புது யூனிக்ஸ் பெட்டிக்கு ஒன்று என்று மூன்று கட்ட வேண்டும். மஞ்சள் லேபிள், பச்சை லேபிள், சிவப்பு லேபிள். எங்கள் ஓனர் இதற்கு 'பேக்கிங் செக்‌ஷன்' என்று பெயர் வைத்திருந்தார். மாம்பழப் பெட்டிக்கு வைக்கோல் வைக்கிற மாதிரி ஏதோ நடக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். எழுதுகிறவன் நான், கட்டுகிறவர் அவர்.

ஆனால் அவர் கட்டும் ஒவ்வொரு தொகுப்பிலும் ஃப்ளாப்பிகளோடு ஒரு தாளும் இருக்கும். அழகான கையெழுத்தில், எண் போட்டு, அந்த நிரலில் என்னென்ன வேலை செய்யாது, எதெது சரியாகப் பார்க்கப்படவில்லை என்று எழுதியிருப்பார். நாங்கள் அதைக் குறைச்சீட்டு என்போம். கேட்டு வாங்கிய குறைகள் அல்ல, தானாக முன்வந்து கொடுத்தவை. சித்தூரில் ஒரு ஆலைக்காரர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, அப்படியானால் இதில் எதுதான் வேலை செய்யும் என்று கேட்டார். இவர் பதறவில்லை. மீதியெல்லாம் செய்யும் என்றார். ஆலைக்காரர் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடப் போயிருந்தவன் நான். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் பேசினார். ஏழாவது குறையை விட்டுவிட்டோமே, அதையும் எழுதியிருக்க வேண்டும் என்றார்.

இது ஆபீஸோடு நிற்கிற பழக்கம் அல்ல. தன் பழைய மொபெட்டை விற்க முயன்ற கதை எங்கள் மாடியில் பிரசித்தம். வந்தவன் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, பிடித்துப்போய், சாவியைக் கையில் வாங்கிய பிறகு, மழைக்காலத்தில் இது கிளம்பாது என்று சொல்லியிருக்கிறார். அவன் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். மழைக்காலம் வர எட்டு மாதம் இருந்தது.

பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதே கதைதான். காபித் தட்டை வைத்துவிட்டு, எனக்குக் குறட்டை உண்டு, இடது காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் காபியை முடித்துவிட்டுக் கௌரவமாக எழுந்து போனார்கள். அடுத்த வருடம் வந்தவர் கொஞ்சம் தைரியசாலி. குறட்டை பரவாயில்லை என்றார். உடனே இவர், உங்களிடம் என்ன குறை என்று கேட்டார். அவர் யோசித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டார். இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிவிட்டு, "ஒண்ணுமே இல்லன்னு சொல்றவங்கிட்ட எத்த நம்பறது சார்" என்றார். அன்றைக்கு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவையாக எதையோ சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியவேயில்லை.

ஓனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். ராசியில் நம்பிக்கை உள்ளவர். ராசி எண் ஒன்பது. அவர் ஸ்கூட்டரின் எண் 2313, கூட்டினால் ஒன்பது. அந்த எண் வரும்வரை மூன்று மாதம் ஸ்கூட்டர் வாங்காமல் நடந்தார் என்பார்கள். எந்தப் புது நிரல் வந்தாலும் அதில் முதலில் தட்டும் எண் 2313ஆக இருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி சட்டம். கற்பூரம் காட்டாத குறை. "ஃபஸ்ட்டு நம்ம நம்பர் கொட்டு தம்பி, தரவாத்த நீ இஷ்டம்" என்பார். கொட்டு என்றால் தட்டு, தரவாத்த என்றால் அப்புறம். அப்புறம் என் இஷ்டம் என்னவாக இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2313 சரியாக வந்துவிட்டால் மற்ற எண்கள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று கீழே டீ குடிக்கப் போய்விடுவேன்.

குறைச்சீட்டால் இரண்டு ஆர்டர் போன பிறகு ஓனர் அதைத் தடை செய்தார். இவர் அவரிடம் வாதாடவில்லை. தலையாட்டிவிட்டு, மறுநாள் வழக்கம்போல எழுதி வைத்தார். மூன்றாவது முறை ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டி வெளியே போவதற்கு முன் அந்தத் தாளை எடுத்துவிடுவது இனி என் பொறுப்பு என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அது.

இப்படித்தான் கதை பங்காருபாளையத்துக்கு வந்து சேருகிறது.

அங்கே மாங்கூழ் எடுத்து டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலை. அவர்களுக்கு எடை நிரல் எழுதினோம். கேட்டில் எடைமேடை, பக்கத்தில் ஒரு பி.சி. டிராக்டர் ஏறி நின்றதும், வண்டியின் எடை போகக் காயின் எடை அதில் பதிவாகும்; மேலே சிவப்பு விளக்கிலும் அதே எண் எரியும். மணிக்கொரு தரம் வாட்ச்மேன் ஃப்ளாப்பியைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆபீஸுக்கு நடப்பார். ஆபீஸில் பழைய யூனிக்ஸ் பெட்டி. அது ஃப்ளாப்பியைப் படித்து, விவசாயிக்கு எடைச்சீட்டு அடித்துத் தரும். சீட்டு வருவதற்குள் காய் குவியலில் கொட்டப்பட்டுவிடும். திரும்ப எடைபோட முடியாது.

கேட்டுக்கு மஞ்சள் லேபிள், ஆபீஸுக்குப் பச்சை லேபிள். எங்கள் மாடியிலேயே இரண்டு இயந்திரங்களையும் வைத்துப் பார்த்தேன். இதில் 2313 தட்டினேன், அதில் 2313 வந்தது. சிவப்பு லேபிள் இயந்திரத்திலும் 2313 வந்தது. இவர் வேறு எண்களும் போட்டுப் பார்க்க இரண்டு நாள் கேட்டார். ஓனர் சீசன் ஆரம்பித்துவிட்டது என்றார். அதனால் குறைச்சீட்டில் முதல் வரியாக, ஒரே எண்ணை வைத்துத்தான் சோதித்தோம், வேறு எண்கள் பார்க்கப்படவில்லை, முதல் நாள் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும் என்று எழுதினார். என் கடமையில் நான் தவறவில்லை. பெட்டியைக் கொண்டுபோன அன்று பஸ்ஸிலேயே அந்தத் தாளை எடுத்து, சித்தூர் ஸ்டாண்டில் வாங்கிய வடையின் எண்ணெயை அதில் துடைத்து, ஜன்னல் வழியாகப் போட்டேன்.

கொள்முதல் தொடங்கிய நாள் நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தோம். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்தார்கள். முதல் மணி நேரத்தில் மூன்று டிராக்டர்கள். ஃப்ளாப்பி போனது, சீட்டுகள் வந்தன. முதல் இரண்டு பேர் தங்கள் சீட்டைப் பார்த்தார்கள். இன்னொரு தரம் பார்த்தார்கள். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் டிராக்டரைக் கிளப்பிப் போய்விட்டார்கள். அவர்கள் வேகத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிரல் எவ்வளவு விரைவாக வேலையை முடிக்கிறது என்று பூரித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சீட்டு ஓர் அம்மாளுடையது. எல்லையோரத்து ஊர். ஐம்பது வயதிருக்கும். அவர்கள் வீட்டில் அப்பா காலம்வரை மற்றவர் தோப்பில் காவல் காத்தவர்கள். இது அந்த அம்மாள் தன் பெயரில் பட்டா வாங்கி, தானே குழி வெட்டி வைத்த தோத்தாபுரி மா, முதல் முழுக் காய்ப்பு. காலையில் கேட்டில் காத்திருந்தபோது இதையெல்லாம் வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். வாட்ச்மேன் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பார்.

சீட்டில் இருபது கிலோ என்று இருந்தது.

"இன்னா நைனா இது?" என்று என்னிடம் நீட்டினார். "டிராக்டர் முட்ட ஏத்திக்கினு வந்தது இருவது கிலோவா? இத்த எங்கூட்டு ஆடு ஒரு வேளைக்குத் துன்னும்."

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கவுண்டர்களில் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காது சூடாகிறது. கம்ப்யூட்டர் தப்புச் செய்யாதும்மா என்றேன்.

மேனேஜர் வந்தார். கேட்டில் இருந்த சிவப்பு விளக்கில் ஐயாயிரத்து நூற்றிருபது என்று எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அந்த அம்மாள் சொன்னார். டிரெய்லரின் பின்பலகையில் சாக்பீஸால் 5120 என்று எழுதியும் வைத்திருந்தார். சாக்பீஸை யார் வேண்டுமானாலும் கிறுக்கலாம் என்றார் மேனேஜர். கேட்டிலிருந்த பி.சி.யில் பார்க்கலாம் என்றால், ஒவ்வொரு ஃப்ளாப்பி போனதும் அது பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்படி எழுதியிருந்தேன். சிக்கனமான நிரல் என்று அதற்காக என்னை நானே பாராட்டிக்கொண்டதும் உண்டு. ஃப்ளாப்பியும் ஒன்றே ஒன்றுதான். அது மறுபடி கேட்டுக்குப் போய், மேலேயே எழுதப்பட்டுவிட்டது.

இதற்குள் அக்கா அங்கே வந்து நின்றிருந்தார். அந்த அம்மாளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை என்று பார்த்தீர்கள், எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள், கடைசி எண் சைபரா ஆறா, டிரைவர் இறங்கின பிறகா முன்னாலேயா. போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ இன்னாம்மா, நான் களவாண்டுக்கினு வந்தா மாதிரி கேக்கறே?"

"இல்லம்மா. நாங்க எங்க தப்பு பண்ணோம்னு தேடறேன். நீங்க சரியா சொன்னாத்தான் ஆப்டும்."

இதை அவர் சொன்னபோது நிரலில் தப்பு இருப்பதாக யாருமே சொல்லியிருக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர் எதிரில், விவசாயி எதிரில், ஒரு ஆதாரமும் இல்லாமல், எங்கள் தப்பு என்கிறாரே. அவரைத் தனியாக இழுத்துப் போய் 2313 கதையை ஞாபகப்படுத்தினேன். மூன்று இயந்திரத்திலும் பார்த்தோமே அக்கா என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அது மந்தமான இடது காது பக்கமாகவும் இருக்கலாம்.

ஒரு பழைய சலானின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 5120ஐ 256ஆல் வகுத்தார். இருபது, மீதி பூஜ்யம். இருபதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு சீட்டு அடித்த கிளார்க்கிடம் போய், முதல் இரண்டு சீட்டுகளில் ஏதாவது திருத்தினீர்களா என்று கேட்டார். கிளார்க் நெளிந்தார். திரையில் முதல் டிராக்டருக்கு 40975 என்று வந்ததாம். "டிராக்டர்ல நாப்பது டன் எப்பிடி மேடம் வரும்? கடைசி நெம்பர் எக்ஸ்ட்ராவா வுழுந்துடுச்சின்னு வெட்டிட்டேன்" என்றார். நாலாயிரத்துத் தொண்ணூற்றேழு கிலோ ஆகிவிட்டது. இரண்டாவதில் 44045. அதிலும் கடைசி எண்ணை வெட்டினார். இருபதை மட்டும், சின்ன எண்ணாக இருந்ததால், அப்படியே விட்டிருக்கிறார்.

என்ன நடந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு இது புரிய அரை மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டர் இந்த மாதிரி எண்ணை முழுசாக வைத்துக்கொள்வதில்லை. பைட் என்கிற இரண்டு அறைகளில் பிரித்து வைக்கும். ஓர் அறையில் எத்தனை இருநூற்றைம்பத்தாறு என்பது, இன்னொன்றில் மீதி. கேட்டிலிருந்த பி.சி. மீதியை முதல் அறையில் வைக்கும். ஆபீஸ் யூனிக்ஸ் பெட்டி, முதல் அறையில் இருப்பதுதான் இருநூற்றைம்பத்தாறுகளின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் அதனதன் வழக்கத்தில் சரி. ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்கும்போதுதான் அறைகள் தலைகீழாகும். நாலாயிரம் கிலோ நாற்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாகும். ஐயாயிரத்து நூற்றிருபது, இருபதாகும்.

"2313ஐ வகுத்துப் பாருங்க சார்" என்றார் அக்கா.

வகுத்தேன். ஒன்பது இருநூற்றைம்பத்தாறு. மீதி ஒன்பது.

எந்த அறையிலிருந்து படித்தாலும் ஒன்பதும் ஒன்பதும்தான். ஆயிரக்கணக்கான எண்களில், திருப்பிப் போட்டாலும் மாறாத ஒன்றைப் பார்த்துப் பார்த்து ஸ்கூட்டருக்கு வாங்கியிருந்தார் எங்கள் ஓனர். அதை நாங்கள் மூன்று இயந்திரங்களிலும் தட்டித் தட்டி ஆனந்தப்பட்டிருக்கிறோம்.

நிரலைத் திருத்துவது பத்து வரி வேலை. மத்தியானத்துக்குள் நான் திருத்திவிட்டேன், அவர் புது மஞ்சளும் புதுப் பச்சையும் கட்டிவிட்டார். அடுத்த டிராக்டர்களை வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வெயிலில் காய் வெந்துகொண்டிருந்தது, டிரைவர்கள் எங்கள் குடும்பங்களைப் பற்றித் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். புது ஃப்ளாப்பி வேலை செய்தது. வரிசை நகர்ந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அம்மாளின் ஐந்து டன் முடியவில்லை. பதிவில் இருபது கிலோதான் இருந்தது. மேனேஜர் கெட்டவர் அல்ல. ஆனால் பதிவுகளை வெளிநாட்டு வியாபாரியின் ஆள் வந்து பார்ப்பானாம். அடித்த சீட்டை மாற்றினால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். நிரல் தப்பு என்று கம்பெனிக்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மாற்றுவேன், இல்லாவிட்டால் இருபதுதான் என்றார்.

ஆபீஸ் போனில் ஓனரைக் கூப்பிட்டேன். அவர் தெளிவாக இருந்தார். எழுத்தில் ஒன்றும் கொடுக்காதே; அப்படி ஒரு தாள் வெளியே போனால் போதும், சித்தூர் ஜில்லாவில் ஒரு ஃபேக்டரி நம்மைத் தொடாது. "கரண்ட்டு மீத வேசெய். வோல்டேஜ் ப்ராப்ளம்னு சொல்லு" என்றார்; பழியைக் கரண்ட் மேல் போட்டுவிடு என்று அர்த்தம். நான் மேனேஜரிடம் போய் வோல்டேஜ் என்றேன். வோல்டேஜ் என்றால் அது என் ஃபேக்டரி கரண்ட், பழி என் தலையில் விழும், சீட்டு மாறாது என்றார். ஓனர் போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் உனக்கு மெட்ராஸில் இன்டர்வியூ இருக்கிறதில்லையா, சர்ட்டிபிகேட் அடித்து வைத்திருக்கிறேன் என்றார். மிரட்டல் மாதிரியே இல்லை. மகனுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

என் வயதில் அன்று திருப்பதியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒவ்வொருவனும் ஏதாவது ஓர் இன்டர்வியூவுக்காக மெட்ராஸுக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிக்கொண்டிருந்தான். அங்கிருந்து விமானம். அனுபவச் சான்றிதழ் இல்லாதவனை முதல் மேஜையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் வெளிநாடு போய்விட்டதாக அம்மா தெருவில் சொல்ல ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

நான் திரும்பி வந்தபோது அக்கா மேனேஜரின் மேஜையில் எங்கள் கம்பெனி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெட்டியோடு வந்த தாள்கள் எல்லாம் அதில் கோர்த்திருந்தன. கடைசிவரை புரட்டினார். மறுபடி முதலிலிருந்து ஒரு தரம் புரட்டினார். பிறகு ஃபைலை மூடி, ஓரங்களைத் தட்டி நேராக்கி வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். ஓனர் உத்தரவு, எனக்கென்ன தெரியும் என்று ஆரம்பிக்கும். அதைச் சொல்ல அவர் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது அதுதான்.

வெள்ளைத்தாள் ஒன்று வாங்கி எழுத ஆரம்பித்தார். நான் குனிந்து, ஓனர் வேண்டாம் என்கிறார் என்றேன். தெரியும் என்றார். வேலை போகும் என்றேன். "போவும்" என்றார். அவர் வீட்டில் நான்கு பேருக்கு அந்தச் சம்பளம்தான் நிலையான வருமானம் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதா என்ன? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்திருக்க வேண்டும். நல்லவேளை, அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

அரைப் பக்கம் எழுதினார். என்ன தப்பு, ஏன் வந்தது, எந்த எண் எதுவாக மாறியது என்று. அதோடு நிறுத்தவில்லை. முதல் இரண்டு டிராக்டர்களுக்கும் அதிக எடை அடிக்கப்பட்டுவிட்டது என்றும் சேர்த்தார். அவர்கள் சந்தோஷமாகப் போய்விட்டார்களே, அது எதற்கு என்று கேட்டேன். அதுவும் நம்ம தப்புதானே என்றார். மேனேஜரே அதைப் படித்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று ஓனர் அவரிடம் சொன்னதும், சர்ட்டிபிகேட் என் கைக்கு வந்ததும், மூன்று மாதத்தில் நான் ஒரு குளிர்தேசத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பிறகு நடந்தவை. அவர் நகரியில் டியூஷன் எடுப்பதாக ஒருவர் சொன்னார். ரேணிகுண்டாவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் சேர்ந்ததாக இன்னொருவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கண்டுபிடித்துவிடக்கூடிய தூரத்தில்தான் இருந்திருப்பார்.

அந்த மேஜைக்கே திரும்புகிறேன். தாளின் அடியில் அவர் இரண்டு இடம் விட்டிருந்தார். இடது பக்கம் நிரல் எழுதியவர், வலது பக்கம் தொகுத்து அனுப்பியவர். வலது பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் மேஜைமேல் வைத்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, தாள் பறக்காமல் இருக்க ஒரு விரலை மட்டும் அதன்மேல் வைத்திருந்தார். நான் சுவரில் இருந்த காலண்டரில் அடுத்த வார தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் வாசலில் நின்றபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேனேஜர் தாளை வாங்கிப் படித்தார். இடது பக்கத்தைத் தட்டிக் காட்டி, இங்கே யார் போட வேண்டும் என்று கேட்டார்.

"ஒரு கையெழுத்து போதும் சார். சீட்ட மாத்திக் குடுங்க, அவங்க காத்தாலேர்ந்து நின்னுக்கினு கீறாங்க" என்றார் அக்கா.

மேனேஜர் யோசித்துவிட்டுச் சரி என்றார். கிளார்க் புதுச் சீட்டு அடித்தார். ஐயாயிரத்து நூற்றிருபது. அந்த அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து, சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, அக்கா கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனார்.

மேனேஜர் கடிதத்தை ஃபைலில் கோர்க்கப் போனபோது அக்கா தடுத்தார். காலியாக விட்டால் நாளைக்கு யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள் என்று, தாளைத் தன் பக்கம் இழுத்து, எனக்காக விட்டிருந்த இடத்தின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.